டெஸ்டர் எரிந்தால் போதுமா? புது சாக்கெட்டை எதை வைத்துச் சோதிப்பது?

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் வீடு. உப்புக் காற்றில் கீசர் சாக்கெட்டின் பித்தளையெல்லாம் பச்சை பூத்துப் போனதால் போன மாதம் அதை மாற்றினோம். வந்த எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்தார், விளக்கு எரிந்தது, "சரியா இருக்கு சார்" என்று கிளம்பிவிட்டார். மறுநாள் மல்டிமீட்டர் வைத்தேன். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 காட்ட வேண்டிய இடத்தில் 80 வோல்ட்தான் காட்டியது. மெயினை அணைத்துத் திறந்தால், பச்சை ஒயர் எதிலும் மாட்டாமல் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தது. குளிக்கும் தண்ணீர் வரும் கருவிக்கு எர்த்தே இல்லை!

டெஸ்டர் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது ஃபேஸ் மட்டும்தான். அது எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்றும் நம்பக் கூடாது. பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்றாலே வெளிச்சம் மங்கிவிடும்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் மூன்று விளக்கு பிளக் டெஸ்டர் இதைவிட மேல். எர்த் விட்டுப் போனதையும், ஃபேஸ் நியூட்ரல் இடம் மாறியதையும் செருகின உடனே காட்டும். ஆனால் நியூட்ரலும் எர்த்தும் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது. தனி 16 ஆம்பியர் சாக்கெட்டில் அதன் சின்ன பின்கள் சரியாக உட்காரவும் செய்யாது.

வீட்டில் வைத்துக்கொள்ள மல்டிமீட்டரைத்தான் சொல்வேன். ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுங்கள். ஃபேஸ்-நியூட்ரல் சுமார் 230, ஃபேஸ்-எர்த் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட். இதற்கும் ஒரு குறை உண்டு. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு. அதனால் துருப்பிடித்து நூலாகத் தொங்கும் எர்த்தும் அதன் கண்ணுக்கு நல்ல எர்த்தாகவே தெரியும்.

அங்கேதான் பழைய டெஸ்ட் லாம்ப் ஜெயிக்கிறது. 60 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்தால், எர்த் நன்றாக இருந்தால் முழுசாக எரியும், மோசமாக இருந்தால் மங்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. உயிருள்ள ஒயரில் செய்கிற வேலை என்பதால் இதை எலக்ட்ரீஷியனே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இன்னொரு விஷயம், இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எர்த் லைன் இல்லாத பழைய வீடுகளில் சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலை எர்த் பின்னுக்கு லூப் அடித்துவிடுகிறார்கள். பிளக் டெஸ்டர், மல்டிமீட்டர், பல்பு மூன்றுமே அதைச் சரி என்றுதான் சொல்லும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசர் உடம்பிலேயே 230 வோல்ட் ஏறி நிற்கும். இதைக் காட்டிக்கொடுப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச். பல்பு முழுசாக எரியும் என்று மேலே சொன்னது இது இல்லாத லைனுக்கு. இது இருக்கும் லைனில் எர்த் நிஜமாக இருந்தால், பல்பு வைத்த கணமே ஆர்சிசிபி விழ வேண்டும். விழாமல் பல்பு ஜோராக எரிந்தால், ஒன்று ஆர்சிசிபி வேலை செய்யவில்லை, அல்லது அந்த எர்த் போலி.

சரி, ஆர்சிசிபியில் இருக்கும் 'டி' பட்டனை அமுக்கினால் போதாதா? அது ஆர்சிசிபி விழுகிறதா என்று மட்டும் சொல்லும். எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். மாதம் ஒரு தடவை அமுக்குங்கள், ஆனால் அதை எர்த் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மெகர் என்ற மீட்டர் பார்ப்பது வேறு ஒன்றை, ஒயரின் இன்சுலேஷனை. மெயினை அணைத்து, லைனில் இருக்கும் கருவிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் டிசி கொடுப்பார்கள். இன்சுலேஷனின் மின்தடை 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. ஒரு சுவிட்சை மாற்றியதற்கெல்லாம் இது தேவையில்லை. குளியலறை லைன், சுவருக்குள் புது ஒயர், ஓதம் ஏறிய சுவர் என்றால் கட்டாயம் பாருங்கள்.

எங்கள் கீசர் லைனுக்கு எர்த் மாட்டி, பல்பு வைத்ததும் ஆர்சிசிபி விழுந்தது. மெகரிலும் தேறிவிட்டது. ஐப்பசி மழையில் அந்தச் சுவர் ஊறிய பிறகு இன்னொரு தடவை மெகர் வைக்க வரச் சொல்லியிருக்கிறேன்.