பழைய ஸ்போர்ட்ஸ் கார் ரேடியேட்டர்: ஈயம் வைக்கலாமா, கோர் மாத்தலாமா, அலுமினியத்துக்குப் போலாமா?

ரேடியேட்டர் ஒழுகுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே புதுசா அலுமினியம் ஒண்ணு ஆர்டர் போட்டுடாதீங்க. என் எம்ஜிபில (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) முதல்ல அலுமினியம் போட்டு ஓட்டினேன், அப்புறம் பழைய ரேடியேட்டருக்கே புது கோர் (தண்ணி ஓடுற ட்யூபும், சூட்டைக் காத்துக்கு விடுற மெல்லிய தகடான ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதி) போட்டு இப்ப அதைத்தான் ஓட்டிட்டிருக்கேன், ரெண்டுலயும் நல்லது கெட்டது பாத்தாச்சு.

முதல்ல ஒண்ணு, ஒழுகல் இல்லாம வெறும் சூடு மட்டும்தான் ஏறுதுன்னா தப்பு ரேடியேட்டர் மேலதானான்னு பாருங்க. சிக்னல்ல நிக்கும்போது முள் ஏறி, ஓட ஆரம்பிச்சதும் இறங்குதுன்னா காத்து பத்தல, அதாவது ஃபேன் பக்கம் பாக்கணும். நல்ல வேகத்துல போகும்போது ஏறுதுன்னாதான் ரேடியேட்டர் அடைச்சிருக்குன்னு சந்தேகப்படணும். தெர்மோஸ்டாட் (சூடானதும் தொறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடுற வால்வு), ரேடியேட்டர் மூடி, இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கிற நேரம்) இது மூணும் சரியா இருக்கான்னு பாக்காம ரேடியேட்டரைக் கழட்டவே வேணாம், டைமிங் லேட்டா இருந்தாலே இஞ்சின் கொதிக்கும். டெம்பரேச்சர் கன் இருந்தா இஞ்சின் சூடானதும் கோர் முழுக்க அடிச்சுப் பாருங்க, நடுவுல எங்கயாவது திட்டு திட்டா சில்லுனு இருந்தா அந்த ட்யூப்ல தண்ணி ஓடல.

சரி, ரேடியேட்டர்தான்னு முடிவாயிடுச்சு. பழைய காலத்து ரேடியேட்டர் பெரும்பாலும் பித்தளை டேங்க், பித்தளை ட்யூப், செம்பு ஃபின், எல்லாத்தையும் ஈயம்தான் புடிச்சு வச்சிருக்கும். அதனால டேங்க் ஓரத்துல, ஹோஸ் மாட்டுற கழுத்துல, மவுண்டிங் பக்கம் கசிஞ்சா தைரியமா ஈயம் வச்சு அடைக்கலாம், பழக்கப்பட்ட கை பண்ணா வருஷக்கணக்கா நிக்கும். உள்ள அடைப்புன்னா டேங்கைப் பிரிச்சு ட்யூபுக்குள்ள கம்பி விட்டு சுத்தம் பண்றதும் உண்டு. ஆனா ஃபின்னை விரலால தொட்டா பொடிப்பொடியா உதிருதா, பச்சை பூத்திருக்கா, அப்போ ஈயத்துக்குக் காசு செலவு பண்றது வேஸ்ட், ஒரு இடத்தை அடைச்சா பக்கத்துல இன்னொண்ணு தொறக்கும், ட்யூபும் ஃபின்னும் ஒட்டாம நின்னா சூடும் வெளிய போகாது. ஸ்டாப் லீக் பவுடர் நடுவழில மாட்டிக்கிட்டா வீடு வந்து சேர்றதுக்கு மட்டும்தான், அப்படியே விட்டா ஹீட்டர் கோரையும் (வண்டி உள்ள சூடு தர்ற குட்டி ரேடியேட்டர்) சேத்து அடைக்கும்.

எனக்குப் புடிச்சது கோர் மாத்துறதுதான். மேல் டேங்க், கீழ் டேங்க், சைடு பட்டை எல்லாம் பழசே இருக்கும், நடுவுல இருக்குற கோர் மட்டும் புதுசு. ஹோஸ் அதே இடத்துல வரும், போல்ட் ஓட்டை அதே, ஃபேன் கவசம் அதே, பானட்டைத் தொறந்தா வண்டி அதோட முகத்தோட இருக்கும். புது கோர் பழசை விட அடர்த்தியா ஃபின் வச்சு வர்றதால கூலிங்கும் கூடும். ஆனா இங்க ஒரு ஆசை வரும், மூணு வரிசை ட்யூப் இருந்த இடத்துல நாலு வரிசை போட்டா இன்னும் சில்லுனு இருக்குமேன்னு. கோர் தடிமனாக ஆக காத்து உள்ள புகுந்து வர்றது கஷ்டம், ஓடும்போது பரவால்ல, நிக்கும்போது இஞ்சின்ல மாட்டியிருக்குற பழைய ஃபேனால அதை இழுக்க முடியாம போகலாம். கோர் போடுறவர்கிட்ட வரிசை எத்தனைன்னு மட்டும் கேக்காம ஒரு இஞ்சுக்கு எத்தனை ஃபின்னுன்னும் கேளுங்க. திரும்பி வந்ததும் தண்ணித் தொட்டில முக்கி காத்தழுத்தம் கொடுத்துக் காட்டச் சொல்லுங்க.

இப்ப அலுமினியம். செம்பு சூட்டைக் கடத்துற அளவு சுமார் 400 (வாட்/மீட்டர்-கெல்வின் கணக்குல), அலுமினியம் 235 பக்கம், அப்புறம் ஏன் அலுமினியம் நல்லாருக்குன்னு கேப்பாங்க. ட்யூபை அகலமா பண்ணலாம், வரிசை கொஞ்சமா இருந்தாலும் ஃபின்னோட ஒட்டுற பரப்பு நிறைய, நடுவுல ஈயமும் கிடையாது, எடையும் நல்லாவே குறையும். இஞ்சினை ட்யூன் பண்ணி பவர் ஏத்தினவங்க, டிராக்ல ஓட்டுறவங்க இதுக்குப் போறதுல நியாயம் இருக்கு. அலுமினியம்னாலே ஒரிஜினாலிட்டி போச்சுன்னும் சொல்ல முடியாது, 1960களோட தொடக்கத்துலயே கார்வெட்டுக்கு (அமெரிக்க ஷெவர்லே ஸ்போர்ட்ஸ் கார்) கம்பெனியே அலுமினியம் போட்டுத்தான் அனுப்புச்சு.

என் வண்டில தொல்லை வேற மாதிரி வந்தது. மவுண்டிங் ஓட்டை கொஞ்சம் தள்ளி இருந்துச்சு, இழுத்து புடிச்சு மாட்டினதுல அதிர்வு நேரா டேங்க் வெல்டிங்குக்குப் போய் கசிய ஆரம்பிச்சிடுச்சு. கூலண்ட் ஊறின அலுமினியத்தை திரும்ப டிக் வெல்டிங் (ஆர்கான் வாயு விட்டுப் பண்ற வெல்டிங்) பண்றது ஈயம் வைக்கிற மாதிரி இல்ல, துளி அழுக்கு இருந்தாலும் புடிக்காது. ரப்பர் புஷ் வச்சு மாட்டுங்க, ஃபேனை கோருக்குள்ள குத்தி மாட்டுற பிளாஸ்டிக் டை வேணவே வேணாம். இஞ்சின் எர்த் வயரையும் பாருங்க, அது சரியில்லன்னா கரண்ட் கூலண்ட் வழியா போய் அலுமினியத்தை அரிக்கும். வோல்ட்மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொண்ணை ரேடியேட்டர்ல எதையும் தொடாம கூலண்டுக்குள்ள விட்டுப் பாருங்க, 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, 0.3ஐத் தாண்டினா எங்கயோ எர்த் போயிருக்கு.

1980கள்ல வந்த போர்ஷ 944 மாதிரி வண்டின்னா யோசிக்கவே வேணாம், அலுமினிய கோர்ல பிளாஸ்டிக் டேங்கை மடிச்சுப் புடிச்சிருப்பாங்க, டேங்க் வெடிச்சா புதுசுதான்.

எதைப் போட்டாலும் மூடியைக் கவனிங்க. பழைய வண்டிக்கு 7, 10 பிஎஸ்ஐ (மூடி புடிச்சு வைக்கிற அழுத்தத்தோட அளவு) மூடிதான் வந்திருக்கும், ஒரு பிஎஸ்ஐக்கு கொதிநிலை ஒண்ணரை டிகிரி செல்சியஸ் ஏறும்ங்கறதுக்காக 15 மாட்டினா பழைய ஈய ஜாயிண்ட்டும் ஹீட்டரும்தான் முதல்ல வாயைத் தொறக்கும். ஈயம் வச்ச ரேடியேட்டர்ல பழைய வகை சிலிகேட் கூலண்ட்டே ஊத்துங்க, ஆர்கானிக் ஆசிட் வகை சிலது ஈயத்துக்கு ஒத்துக்காது. அலுமினியத்துக்கே போனாலும் பழசைக் காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க, அந்த பித்தளை டேங்க் ரெண்டும் முழுசா இருந்தா எப்ப வேணா கோர் போட்டுக்கலாம், அந்த டேங்க் போச்சுன்னா அதே மாதிரி இன்னொண்ணு தேடிப் புடிக்கிறதுதான் பெரும்பாடு.