விஜிபியா, எம்ஜிஎம்மா?

சின்ன வயதில் போன இடத்துக்கே பிள்ளைகளோடு போவதென்றால், எங்கள் வீட்டில் சென்னை ஈசிஆரின் (கிழக்குக் கடற்கரைச் சாலை) இந்த இரண்டு பொழுதுபோக்குப் பூங்காக்களின் பெயர்கள்தான் அடிபடும்.

ஈஞ்சம்பாக்கம் விஜிபி என்றாலே எனக்குச் சிலை மனிதர்தான். மீசையும் விறைப்புமாக, ஆடாமல் அசையாமல் நிற்பார். அவரைச் சிரிக்கவைக்க அப்பா போட்ட கோணங்கி ஆட்டத்தில் நாங்கள்தான் வயிறு வலிக்கச் சிரித்தோம். மகளிடம் சொன்னால், “நீ ஆடிக் காட்டுப்பா” என்கிறாள். 2019இல் அங்கே மரைன் கிங்டம் என்ற மீன் காட்சியகமும் வந்துவிட்டது; தனி டிக்கெட். கண்ணாடிச் சுரங்கத்தில் தலைக்கு மேலே மீன்கள் நீந்தும், வெயிலும் படாது. அம்மாவும் வருகிறார் என்றால் என் ஓட்டு இதற்கே.

முட்டுக்காடு எம்ஜிஎம் இன்னும் தெற்கே. பெரிய பிள்ளைகளுக்கு, தண்ணீரில் ஊறிக் கிடக்க அதுதான் சரி. மாற்றுத்துணி மறக்காதீர்கள். எனக்கு இப்போது ராட்டினம் ஏறினாலே தலைசுற்றல். பைகளுக்குக் காவல் இருப்பேன்.