முயலுக்குச் சளியா, கழிச்சலா? எதற்கு எந்தச் சோதனை

முயல் தும்மினால் முதலில் அதன் முன்னங்கால்களின் உட்புறத்தைப் பாருங்கள். மூக்கைத் துடைத்துத் துடைத்து அங்கே மயிர் திரிதிரியாக ஒட்டிக் காய்ந்திருந்தால் அது தூசித் தும்மல் இல்லை, சளி நோய். காசு செலவில்லாத சோதனை. ஆனால் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். பாஸ்டுரெல்லா, போர்டெடெல்லா, ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்கள் மூன்றுமே மூக்கை ஒழுக வைக்கும். பாஸ்டுரெல்லா காதுக்குள் இறங்கினால் கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்ளும். பாக்டீரியாவே அல்லாத என்செஃபாலிட்டோசூன் என்ற ஒட்டுண்ணியும் அதே கோணலைக் கொடுக்கும்.

சளிக்கு, மாதிரியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் கொடுத்த காசுக்குப் பலன் தரும். பாஸ்டுரெல்லா ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டான பிளட் அகாரில் வளரும், மெக்கான்கி என்ற வேறு வகைத் தட்டில் வளராது. போர்டெடெல்லா இரண்டிலும் வளரும், யூரியாவை உடைக்கிறதா என்று பார்க்கும் யூரியேஸ் சோதனையில் சில மணி நேரத்திலேயே நிறத்தை மாற்றிவிடும். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதும் கூடவே தெரியும். தவறு நடப்பது பெரும்பாலும் மாதிரி எடுக்கும்போதுதான். மூக்கு நுனியில் வழிவதைத் தொட்டு அனுப்பினால் கூண்டுக் குப்பைதான் வளரும். மெல்லிய ஸ்வாப்பை (பஞ்சுக் குச்சியை) நாசித் தடுப்பை ஒட்டி 2 முதல் 3 செ.மீ. உள்ளே விட வேண்டும், அதைக் கால்நடை மருத்துவர் செய்யட்டும். சீழ்க்கட்டியில் நடுவிலுள்ள பற்பசை போன்ற கெட்டிச் சீழில் உயிருள்ள கிருமி அநேகமாக இருக்காது, கட்டியின் சுவரைச் சுரண்டுங்கள். மருந்து போடுவதற்கு முன்பே எடுத்து, மாதிரியைக் கெடாமல் எடுத்துச்செல்ல உதவும் ஏமிஸ் ஊடகத்தில் வைத்து, ஐஸ் பேக்கோடு 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் செத்த கிருமியையும் காட்டும், நோயே இல்லாமல் கிருமியைச் சுமக்கும் முயலையும் காட்டும். எந்த மருந்து கேட்கும் என்று சொல்லாது. இனவிருத்திக்கு வெளியிலிருந்து முயல் வாங்கும்போது அது தேவை. தும்மும் முயலுக்கு அதில் தொடங்குவது வீண். ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளைப் பார்க்கும் எலிசா முன்பு எப்போதோ கிருமி பட்டதைத்தான் சொல்லும்.

கழிச்சலில் இந்த வரிசை தலைகீழாகிறது, கல்ச்சர் முதலில் வராது. பால் மறந்த 4 முதல் 8 வாரக் குட்டிகள் மளமளவென்று செத்தால், புதிதாகச் செத்ததை அறுத்துப் பார்ப்பதே முதல் வழி. நம் கோடையில் குடல் சீக்கிரம் அழுகும். செத்த குட்டியை ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீஸரில் வைத்தால் திசு கெட்டுவிடும். குடல்வாலோடு சேர்ந்த பெரிய பையான சீக்கத்தில் ரத்தக்கசிவு இருந்து, அதிலுள்ளதைக் கண்ணாடியில் தடவி, பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சுருள் சுருளாகத் தெரிவது கிளாஸ்ட்ரிடியம் ஸ்பைரோஃபார்மி என்ற கழிச்சல் பாக்டீரியா. கல்ச்சரில் ஈ.கோலை வந்தால் அதையே காரணமென்று நம்ப வேண்டாம், எந்தக் கழிச்சலிலும் அது பெருகும்.

ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் நின்று பாருங்கள். பித்தநாளத்தை ஒட்டிய மஞ்சள்வெள்ளை முடிச்சை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்து முட்டைகள் தெரிந்தால் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி. ஊசிமுனை அளவுப் புள்ளிகள் என்றால் பாக்டீரியாவால் வரும் டைசர் நோயாக இருக்கலாம். இந்தக் கிருமி சாதாரணக் கல்ச்சரில் வளராது. ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும் அறிக்கையை நோய் இல்லை என்று படிப்பவர்கள் உண்டு. 10 சதவீத ஃபார்மலினில் போட்ட ஈரல் துண்டும் வெள்ளிச் சாயமும், அல்லது பிசிஆரும்தான் இதற்கு வழி.

முடிவு வரும்வரை கையிலிருக்கும் அமாக்சிசிலினையோ லின்கோமைசினையோ வாய்வழியாகக் கொடுக்காதீர்கள். நல்ல குடல்கிருமிகள் செத்து ஸ்பைரோஃபார்மி பெருகும். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும்போது செத்ததோடு, சாகக் கிடக்கும் குட்டி ஒன்றையும் உயிரோடு கொண்டுபோங்கள்.