கிறிஸ்துமஸ் கூடுகைக்குச் சீட்டு, மேசை விளையாட்டுகள்: பல ஆண்டு ஆடிப் பார்த்ததில் தெரிந்தவை

கிறிஸ்துமஸுக்குக் கூடும் சொந்தங்களுக்கு விளையாட்டு வாங்குவது, வாரந்தோறும் ஆடும் நண்பர்களுக்கு வாங்குவது போல அல்ல. எட்டு வயதுப் பிள்ளையும் எழுபதைத் தாண்டிய பாட்டியும் ஒரே மேசையில் உட்காருவார்கள். ஒருவர் அடுப்படிக்கு எழுந்து போவார், இன்னொருவர் பாதி ஆட்டத்தில் வந்து சேருவார். அதனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஆள் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. ஒருவர் தன் முறை வரும்வரை எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும், நடுவில் எழுந்து போனால் ஆட்டம் கெடுமா, இந்த இரண்டும்தான் முக்கியம்.

எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஊனோவையே எடுத்துக்கொள்வோம். 108 சீட்டுள்ள கட்டில் 10 பேருக்குத் தலா 7 போட்டால் 70 போய்விடும். ஒன்றைத் திறந்து வைத்தபின் எடுப்பதற்கு மிஞ்சுவது 37தான். அடுத்தவரை 4 சீட்டு எடுக்க வைக்கும் 'பிளஸ் ஃபோர்' இரண்டு மூன்று விழுந்தாலே அது மளமளவென்று கரைந்து, கழித்த சீட்டுகளை அடிக்கடி கலைக்க வேண்டிவரும். ஒருவர் யோசிக்க 10 விநாடி என்றாலும் அடுத்த முறை வர ஒன்றரை நிமிடம் ஆகும். 'ஸ்கிப்' வாங்கித் தன் முறையை இழந்த குழந்தைக்கு அது மூன்று நிமிடம். பிள்ளைகள் மேசையை விட்டு ஓடுவது இதனால்தான். ஊனோவுக்கு ஆறு பேர் போதும். அதற்கு மேல் இருந்தால் இரண்டு கட்டு வாங்கி இரண்டு வட்டமாக உட்காருவது நல்லது.

ஊனோவில் சண்டை வரும் இடங்களும் தெரிந்தவைதான். 'பிளஸ் டூ' மேல் இன்னொரு 'பிளஸ் டூ' போட்டு அடுத்தவர் தலையில் கட்டுவது அடிப்படை விதியில் இல்லை. அப்படி ஆடினால் கைகள் பெருத்து ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும். 'பிளஸ் ஃபோர்' போட வேண்டுமானால், அப்போது ஓடும் நிறம் கையில் இருக்கக் கூடாது. சந்தேகப்பட்டால் கையைக் காட்டச் சொல்லலாம். போட்டவர் தப்பென்றால் அவரே 4 எடுப்பார், கேட்டவர் தப்பென்றால் 6 எடுப்பார். இதையெல்லாம் முதல் சீட்டுப் போடுமுன் உரக்கச் சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

பத்துப் பேருக்கு ஒரே ஒரு சீட்டுக்கட்டு வாங்குவதென்றால் என் தெரிவு '6 நிம்ட்!'. வோல்ஃப்காங் கிராமர் உருவாக்கி 1994இல் வெளிவந்தது. 1 முதல் 104 வரை எண்ணிட்ட 104 சீட்டு, 10 பேருக்குத் தலா 10, மேசையில் 4 வரிசைக்கு ஒவ்வொன்று, கணக்கு சரியாக முடிந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துச் சேர்ந்தே திறப்பதால் காத்திருப்பதே இல்லை. ஒவ்வொரு சீட்டும், கடைசிச் சீட்டு தன்னைவிடச் சிறியதாகவும் தனக்கு மிக அருகிலும் இருக்கும் வரிசைக்குப் போகும். ஒரு வரிசையில் ஆறாவது சீட்டை வைப்பவர் முந்தைய ஐந்தையும் வாரிக்கொள்வார். நான்கு வரிசையின் கடைசிச் சீட்டுகளையும்விடச் சிறியதைப் போட்டவர் ஏதாவது ஒரு வரிசையை எடுத்தே ஆக வேண்டும். புதியவர்கள் இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி வைக்கத் தொடங்குவார்கள். சிறிய எண்ணிலிருந்துதான் வைக்க வேண்டும். வாரிய சீட்டுகளைக் கையில் சேர்த்துக்கொள்வார்கள். அவை தனிக் குவியலாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவை தண்டப் புள்ளிகள். 55ஆம் சீட்டில் மட்டும் 7 மாட்டுத்தலை (தலைக்கு ஒரு தண்டப் புள்ளி) உண்டு. ஒருவர் 66 புள்ளியை எட்டும்வரை ஆடாமல், மூன்று சுற்றோடு நிறுத்தி, குறைந்த புள்ளிக்காரருக்கு வெற்றி என்று வைத்தால் விருந்து நேரத்துக்குப் பொருந்தும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஆள் மாறிக்கொள்ளலாம். ஆள் குறைவென்றால் ஆளுக்குப் பத்தும் கூட நான்கும் என்று எண்ணி (4 பேருக்கு 1 முதல் 44 வரை) மீதியை ஒதுக்கினால், எந்தச் சீட்டு இன்னும் வரவில்லை என்று கணக்குப் போட்டு ஆடலாம்.

சொல் விளையாட்டுகளில் சிக்கல் மொழி. ஒருவர் சொல்லும் துப்பை வைத்துத் தங்கள் அணியின் சொற்களைக் கண்டுபிடிக்கும் 'கோட்நேம்ஸ்' மிகச் சிறந்த குழு ஆட்டம். ஆனால் 25 ஆங்கிலச் சொற்களைப் பரப்பியதும் பெரியவர்கள் சிலர் பார்வையாளர் ஆகிவிடுகிறார்கள். 20 படங்களை வைத்து ஆடும் 'கோட்நேம்ஸ் பிக்சர்ஸ்' இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. அணியில் நான்கு பேருக்கு மேல் போனால் குரல் பெரிதாக உள்ளவர் சொல்வதே முடிவாகிவிடும். சுற்றுக்கு ஒருவராக மாறி மாறிப் படத்தைத் தொட்டுக் காட்டச் செய்தால் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்.

'ஜஸ்ட் ஒன்' ஆட்டத்தைத் தமிழிலேயே ஆடலாம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். கண்டுபிடிப்பவர் பார்க்காத ஒரு சொல்லுக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு சொல்லைத் தங்கள் சிறு பலகையில் துப்பாக எழுதுவார்கள். ஒரே துப்பை இருவர் எழுதினால் இரண்டும் அழியும். ஓர் ஆட்டத்துக்கு 13 சீட்டு, சீட்டுக்கு 5 சொல்; அதாவது முன்தினமே 65 தமிழ்ச் சொற்களை எழுதி வைத்தால் போதும். 'மரம்', 'மரத்தில்', 'மரங்கள்' மூன்றும் ஒரே துப்பு என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 3 முதல் 7 பேர் ஆடலாம்; கூடுதலாக இருந்தால் இருவருக்கு ஒரு பலகை கொடுக்கலாம். பாட்டியும் பேரனும் ஒரு பலகையைப் பகிரும்போது ஆட்டம் இன்னும் நன்றாக அமைகிறது. இதன் பலவீனம் பேனாதான். மூடியைச் சரியாக அழுத்தாவிட்டால் காய்ந்துவிடும். எழுத்தை நாள்கணக்கில் விட்டால் பலகையில் கறை பிடிக்கும், அன்றே துடைத்துவிட வேண்டும்.

'டாபிள்' 55 வட்டச் சீட்டு, ஒவ்வொன்றிலும் 8 படம். எந்த இரண்டை எடுத்தாலும் ஒரே ஒரு படம்தான் பொதுவாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் பெரியவர்களை நேர்மையாகவே தோற்கடிக்கக்கூடிய ஆட்டம் இது. ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்று முடியும்.

ஒருவர் தன் படத்துக்குத் துப்புச் சொல்ல, மற்றவர்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடிக்கும், 84 படச் சீட்டுகளுள்ள 'டிக்ஸிட்' அழகானது, ஆனால் குடும்பத்தில் ஒரு கோளாறு வரும். தங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த நினைவைக் கணவன் துப்பாகச் சொன்னால் மனைவி மட்டும் கண்டுபிடிப்பார், இருவருக்கும் தலா 3 புள்ளி. விதிப்படி சரி, மற்றவர்களுக்குச் சலிப்பு. குறைந்தது மூன்று பேருக்காவது புரியக்கூடிய துப்பாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொள்வது நல்லது. பலமுறை ஆடியபின் படங்கள் பழகிப் பழைய துப்புகளே திரும்ப வரும். அப்போது ஒரு கூடுதல் படத்தொகுப்பு வாங்கலாம்.

ஊர்களை ரயில் பாதையால் இணைக்கும் 'டிக்கெட் டு ரைட்' ஐந்து பேர் வரைதான். சாப்பாடு முடிந்து மேசை காலியான பிறகு, ஒரு மணிநேரம் எழமாட்டோம் என்பவர்களுக்கு மட்டும். எந்த நிறத்துக்கும் பொருந்தும் எஞ்சின் சீட்டைத் திறந்திருப்பவற்றிலிருந்து எடுத்தால் அந்த முறைக்கு அது ஒன்றுதான். இந்த விதியை மறந்தால் ஆட்டம் சமனிழக்கும். முடிக்காத பயணச்சீட்டு புள்ளியைக் கழிக்கும் என்பதையும் குழந்தைகளுக்கு முன்பே சொல்லுங்கள், கடைசியில் தெரிந்தால் அழுகைதான்.

மோனோபொலியை நான் எடுக்கமாட்டேன். திவாலானவர் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது கூடுகைக்கு ஆகாது. எடுத்தே தீர வேண்டுமென்றால், வந்து நிற்பவர் வாங்காத மனையை உடனே ஏலம் விடுங்கள். இலவச நிறுத்தத்தில் ('ஃப்ரீ பார்க்கிங்' கட்டத்தில்) பணம் சேர்க்காதீர்கள். ஆட்டம் இழுபடுவது பெரும்பாலும் இந்த இரண்டு விதிகளை மாற்றுவதால்தான்.

எதை வாங்கினாலும் முன்தினமே பெட்டியைப் பிரித்து, அட்டைத் துண்டுகளைக் கழற்றி, விதியைப் படித்துவிடுங்கள். கற்றுக்கொடுக்கும்போது வெல்வது எப்படி என்பதை முதலில் சொல்லி, கையைத் திறந்து வைத்து ஒரு சுற்று ஆடிக் காட்டினால் போதும். விதிவிலக்குகளை வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

அடிக்கடி கலைக்கும் கட்டுகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போடுங்கள். வாங்குமுன் சீட்டின் நீள அகலத்தை அளந்துகொள்ள வேண்டும். டிக்ஸிட் சீட்டு 80க்கு 120 மி.மீ., சாதாரண உறையில் நுழையாது. உறை போட்டால் கட்டு தடித்து, சில பெட்டிகளின் மூடி சரியாக மூடாது. உள்ளிருக்கும் அட்டைத் தடுப்பை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். பிசுக்கேறிய சீட்டை நனைத்துத் துடைத்தால் ஓரம் ஊறிப் பிரியும். உலர்ந்த மென்துணியே போதும். வளைந்த சீட்டுகளைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.