ஈட்டா கப்பா நூ: கூப்பிட்டால் போகலாமா?

ஈட்டா கப்பா நூவில் சேரச் சொல்லி அழைப்பு வந்ததும் குப்பைக்குத்தான் தள்ளினேன். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வந்த பிறகு "உங்கள் திறமையைப் பாராட்டுகிறோம், கட்டணத்தைக் கட்டுங்கள்" என்று ஏகப்பட்ட மின்னஞ்சல். அப்பாவிடம் சொன்னபோது, "காசு கட்டினா யாருக்கு வேணாலும் குடுப்பானாம்மா?" என்று கேட்டார். மின்வாரியத்தில் கேபிள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். பிறகு எங்கள் பேராசிரியர்தான், "அது நிஜமானது, நானும் உறுப்பினர்" என்றார்.

மின், கணினிப் பொறியியல் மாணவர்களுக்கான ஹானர் சொசைட்டி இது, அதாவது நன்றாகப் படிப்பவர்களைத் தேர்ந்து சேர்க்கும் சங்கம். 1904-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2010-இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ-டிரிபிள்-ஈயோடு (IEEE) சேர்ந்தது. இளங்கலை மூன்றாமாண்டு என்றால் வகுப்பின் முதல் கால் பங்குக்குள், கடைசி ஆண்டு என்றால் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். மார்க் மட்டும் போதாது, குணத்தையும் பார்ப்பார்கள். நாமாகப் போய்ச் சேர முடியாது, பல்கலைக்கழகத்தில் உள்ள சாப்டர், அதாவது கிளை, அழைக்க வேண்டும்.

சேர்ப்பு விழா ஒரு வகுப்பறையில், கோட்டு சூட்டோடு, கொஞ்சம் நாடகத்தனமாக நடந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் சின்னத்தை விளக்கினார்கள் பாருங்கள், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வீட்ஸ்டோன் பிரிட்ஜ்! தெரியாத மின்தடையை அளக்கும் சமனச்சுற்று. பிளஸ் டூவில் தமிழ் மீடியத்தில் மனப்பாடம் செய்து, செய்முறைத் தேர்வில் கால்வனாமீட்டர் முள் நடுவில் நிற்காமல் என்னை அழவைத்த அதே சுற்று.

விழாவைவிட உருப்படியானது சாப்டர் நடத்தும் டியூஷன் மேசை. செவ்வாய் மாலை இரண்டு மணி நேரம், ஆய்வகத்துக்கு வெளியே. ஜூனியர் பையன் ஒருவன், சிக்கலான சுற்றை ஒரு மின்கலமும் ஒரு தடையுமாகச் சுருக்கிக் காட்டும் தெவனின் தேற்றம் புரியவில்லை என்று மூன்று வாரம் வந்தான். மூன்றாவது வாரம், சுற்றுகளைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் லோடு ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைக்கச் சொன்னேன். அது காட்டும் வோல்ட்தான் அந்த மின்கலம். "இவ்வளவுதானா?" என்றான். எனக்கும் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது என்று அவனிடம் சொல்லவில்லை.

ரெஸ்யூமேயில் ஒரு வரிக்காக என்றால் இதற்குப் பணம் கட்ட வேண்டாம். நான் போன எந்த நேர்காணலிலும் யாரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. கூட்டத்தில் தரும் பீட்சாவையும் நம்பிப் போகாதீர்கள். சைவம் என்றால் வெறும் சீஸ்தான். ஆனால் ஊர் பேர் தெரியாத இடத்தில் வாரம் ஒரு மாலை உட்கார்ந்து பேச நாலு பேர் வேண்டுமென்றால், தாராளமாகப் போகலாம்.

அந்தச் சின்னம் போட்ட சட்டைப் பின்னைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருப்பார் போல. பத்து நிமிடம் கழித்து வாய்ஸ் மெசேஜ்: "ஏம்மா, இது நாங்க கேபிள் ஃபால்ட் பாக்குற பிரிட்ஜுல்லா? இத எதுக்குச் சட்டையில குத்துறாங்க?"