மலக்குடல் ஆபரேஷன்: ஒரேயடியாக இணைப்பதா, கொஞ்ச நாள் பை வைப்பதா?

மலக்குடலில் கட்டி, ஆபரேஷன் என்று சொன்னதுமே வீட்டில் எல்லோருக்கும் வரும் பயம் "பை வச்சிடுவாங்களா?" என்பதுதான். தண்டையார்பேட்டையில் எங்கள் பெரியப்பாவுக்கு வந்தபோதும் அதைத்தான் கேட்டோம். இணைப்பு ஆசனவாய்க்குப் பக்கத்தில் வருகிறது என்றால் என் ஓட்டு பைக்குத்தான்.

கட்டியுள்ள பகுதியை வெட்டி எடுத்ததும் மேல் குடலையும் கீழே மிஞ்சிய மலக்குடலையும் சேர்த்தாக வேண்டும். சேர்த்து அப்படியே விடுவது ஒரு வழி. சேர்த்துவிட்டு, இணைப்பு ஆறும்வரை மலம் அந்தப் பக்கமே போகாதபடி சிறுகுடலின் ஒரு வளையத்தை வயிற்றுக்கு வெளியே எடுத்து, அதில் வரும் மலம் சேரப் பை மாட்டுவது இன்னொரு வழி. இதே கேள்வி பெருங்குடலின் வலப்பக்கம் வந்தால் பெரும்பாலும் பை தேவைப்படாது, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், லீக் (இணைத்த இடம் விட்டுக் கசிவது) குறைவு. கீழே போகப் போகத்தான் ஆபத்து கூடுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், பீடி சிகரெட்டை விடாதவர், கதிர்வீச்சு எடுத்தவர், உடம்பில் புரதம் குறைந்தவர் என்றால் இன்னும் கூடும்.

ஸ்வீடனில் தாழ்வான இணைப்பு போட்ட 234 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வந்தது. பை இல்லாதவர்களில் 28 சதவீதம் பேருக்கு லீக், பை வைத்தவர்களில் 10 சதவீதம். லீக் என்றால் மலம் இடுப்புக்குள் கசிந்து சீழ் பிடிப்பது. மறுபடி அவசர ஆபரேஷன், ஐசியு, கீமோ தள்ளிப்போவது, சிலருக்கு நிரந்தரப் பை. ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனாலோ, வயிறு உப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ "வாயுத் தொல்லைதான்" என்று விடாமல் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மூன்றாம் நாளுக்கு மேலும் ரத்தத்தில் சிஆர்பி (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு) 150-க்கு மேலேயே நின்றால் அவர்களே ஸ்கேன் யோசிப்பார்கள்.

கையால் தைப்பதா, ஸ்டேப்ளரா என்றும் நிறையப் பேர் குழம்புகிறார்கள். லீக்கைப் பொறுத்தவரை பொதுவாகப் பெரிய வித்தியாசம் இல்லை. இடுப்பின் ஆழத்தில் கை போகாத இடத்தில் வட்ட ஸ்டேப்ளர் உதவுகிறது, அவ்வளவுதான். எதில் இணைத்தாலும், இடுப்புக்குள் தண்ணீர் ஊற்றி ஆசனவாய் வழியே காற்று செலுத்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள், பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் முக்குகிற மாதிரி.

சரி, பையில் கஷ்டம் இல்லையா? இருக்கிறது. சிறுகுடலிலிருந்து தண்ணீராகத்தான் வரும், அதோடு உப்பும் போகும். ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டருக்கு மேல் போனால் சிறுநீரகமே அடிவாங்கும். கத்திரி வெயிலில் இது இன்னும் மோசம். வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் சரியாகாது, இளநீரில் சோடியம் குறைவு, ஓஆர்எஸ்தான் வேண்டும். அப்புறம் தோல். பெரியப்பாவுக்கு முதலில் பையை வயிற்றில் ஒட்டும் தகட்டின் துளையைப் பெரிதாக வெட்டிவிட்டார்கள், இடைவெளியில் கசிந்து சுற்றிலும் தோல் வெந்து சிவந்துவிட்டது, ராத்திரி தூக்கமே இல்லை. வெளியே தெரியும் குடலின் அளவை அட்டையில் எடுத்து, அதைவிட இரண்டு மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக வெட்டிப் பெரியம்மா ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் அடங்கியது. முதல் சில வாரங்களில் குடல் வீக்கம் வற்றிச் சுருங்கும் என்பதால் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.

பையை எடுக்க இன்னொரு ஆபரேஷன். அதிலும் குடல் அடைப்பு, காயத்தில் சீழ் வரலாம். கீமோ, வேறு சிக்கல் என்று தள்ளிப்போய்க் கடைசிவரை எடுக்காமலே விட்டவர்களும் உண்டு. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே "எப்போது மூடுவீர்கள், மூடுமுன் இணைப்பு ஆறிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

மூடியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மலக்குடல் குறைந்துபோனதால் அடிக்கடி, அவசரமாக, விட்டுவிட்டு வரும். பை வைக்காமல் நேராக இணைத்தவர்களுக்கும் இது உண்டு. வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ நாலு வீட்டுக்கு ஒரு கழிப்பறை என்று இருப்பவருக்கு, ராத்திரி வரிசையில் நிற்பதைவிட ஒழுங்காக ஒட்டிய பை நிம்மதி என்றுகூடத் தோன்றலாம். வீட்டுக் கழிப்பறை எங்கே, தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்பதையும் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.