தாத்தாவின் பழுப்புப் பேனாவைத் தேடி ஒரு கறுப்புப் பேனா வாங்கினேன்

பதினான்கு மாதங்களாக நான் எழுதிவரும் பேனா, திருவள்ளூரில் உள்ள ஒரு சிறு பட்டறையில் கையால் கடைசல் பிடித்துச் செய்யப்பட்ட கறுப்பு எபோனைட் (கெட்டி ரப்பர்) மைப்பேனா. விலை 2,600 ரூபாய். சொல்லி வைத்து நான்கு வாரம் காத்திருந்து வாங்க வேண்டியிருந்தது. இதைப் பற்றி எழுதுவதானால், நான் முதலில் தேடியது இந்தப் பேனாவையே அல்ல என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் தாத்தா ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் ஒரு சாய்வு மேசையை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் எழுதுவார். அவரிடம் ஒரே ஒரு பேனா இருந்தது. அவர் காலமானபின் வீட்டை விற்றபோது அதுவும் எங்கோ போய்விட்டது. எனக்கு நினைவிலிருந்தவை மூன்றே செய்திகள். பேனா என் கட்டைவிரலைவிடத் தடிமனாக இருந்தது. நிறம் எள்ளுப் பிண்ணாக்கைப் போன்ற, பச்சை கலந்த பழுப்பு. எழுதத் தொடங்குமுன் தாத்தா மூடியைக் கழற்றிவிட்டு, நிப்பு மேலே பார்க்கும்படி பேனாவை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி அரை நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பத்திரம் எழுதுவதற்குமுன் குலதெய்வத்தை நினைத்துக்கொள்கிறார் என்றே நான் நாற்பது ஆண்டுகளாக நம்பியிருந்தேன்.

இந்த அரைகுறை நினைவை நம்பி முதலில் நானே அவசரப்பட்டு ஒரு தவறு செய்தேன். இணையத்தில் பொருள் விற்கும் ஒரு கடையில், பழுப்பும் பச்சையும் சுழன்று கலந்த அழகான பேனா ஒன்றைப் பார்த்தவுடன் வாங்கிவிட்டேன். வந்து சேர்ந்தது அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். கையில் எடுத்ததும் வழவழவென்று குளிர்ந்தது. நிறம் ஏறத்தாழப் பொருந்தியும், இது அதுவல்ல என்று கை உடனே சொல்லிவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். அந்தப் பேனா இப்போது என் மகளிடம் இருக்கிறது.

அதன்பிறகுதான், பழைய பேனாக்களில் ஈடுபாடு கொண்ட நான்கைந்து இணைய நண்பர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். இவர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. கோவையிலிருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் முதலில் கேட்ட கேள்வி, பேனாவுக்கு வாசனை இருந்ததா என்பது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும்போது வருமே, அந்த வாசனை என்று யோசிக்காமலே எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அந்த வாசனை எனக்கு நினைவிருப்பதே எனக்குத் தெரிந்தது. “அப்படியானால் எபோனைட். பள்ளியில் கம்பளித் துணியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் தூக்க வைத்தோமே, அதே தண்டுதான் உங்கள் தாத்தா சட்டைப்பையில் இருந்தது” என்று பதில் வந்தது.

எபோனைட் என்பது ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகக் கலந்து நெடுநேரம் சூடாக்கி இறுக வைத்த பொருள். சைக்கிள் டியூபில் உள்ள ரப்பரில் கந்தகம் மிகக் குறைவு. எபோனைட்டில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குவரை போகும். அதனால்தான் கருங்காலி மரத்தைப் போலக் கெட்டிப்படுகிறது; பெயரும் அந்த மரத்தின் பெயரிலிருந்து வந்ததே. கடைசலில் நன்றாகச் சீவவரும், மையிலுள்ள அமிலம் அரிக்காது, கையில் குளிராது. பிளாஸ்டிக் பரவும் முன்பு மைப்பேனா என்றாலே பெரும்பாலும் இதில்தான் செய்தார்கள். இந்தியாவில் அந்த மரபு முற்றிலும் அறுந்துபோகவில்லை. 1930களில் காந்தியடிகளுக்குச் சுதேசிப் பேனா செய்து கொடுத்த ரத்னம் பேனாக்களின் ராஜமுந்திரியிலும், திருவள்ளூரிலும் இன்றும் கையால் கடைசல் பிடிக்கிறார்கள். நிப்புக்கு நம் பக்கத்துச் சாத்தூரே ஒரு காலத்தில் பேர்போனது. பந்துமுனைப் பேனா வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டது. இன்று சாத்தூர் என்றால் காராச்சேவு மட்டுமே நினைவுக்கு வருகிறது என்பதில் எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

பொருள் தெரிந்துவிட்டதால், இனி பழுப்பு எபோனைட்டில் ஒரு பேனா சொல்லிவிட வேண்டியதுதான் என்று கிளம்பினேன். என்னைத் தடுத்தவர் சிங்கப்பூரில் வசிக்கும் ஓர் அம்மையார். பழைய பேனாக்களைப் பழுதுபார்ப்பவர். தாத்தா சட்டைப்பையில் பேனாவோடு நிற்கும் ஒரு கறுப்புவெள்ளைப் படத்தை அவருக்கு அனுப்பியிருந்தேன். அதிலிருந்து நிறம் தெரிய வழியில்லை. அவர் கேட்டது இதுதான்: “தம்பி, மூடியைக் கழற்றியதும் மரை இருக்கும் இடம், அதற்குக் கீழே விரல் பிடிக்கும் கழுத்து, இவையெல்லாம் என்ன நிறமாக இருந்தன என்று அவசரப்படாமல் யோசித்துப் பாருங்கள்.”

யோசித்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. அந்தக் கறுப்புக்கும் உடலின் பழுப்புக்கும் நடுவே ஒரு கோடு போட்டாற்போல எல்லை இருந்தது. அது இரண்டு நிறத்தில் செய்த பேனா என்றே நான் எண்ணியிருந்தேன். அவர் விளக்கினார்: வெளிச்சமும் ஈரப்பதமும் பட்டுப்பட்டு எபோனைட்டின் மேற்பரப்பில் உள்ள கந்தகம் மாற்றமடைந்து, கறுப்பு மெல்ல மெல்லப் பச்சை கலந்த பழுப்பாக வெளிறிவிடும். மூடிக்குள் ஒளிந்திருக்கும் பகுதி மட்டும் பிறந்த நிறத்திலேயே இருக்கும். தாத்தா வாங்கியது கறுப்புப் பேனா. நான் பிறப்பதற்குள் அது பழுத்துவிட்டது, அவ்வளவுதான்.

உள்ளங்கை வழிபாட்டின் ரகசியமும் அதே இரவில் உடைந்தது. இவ்வகைப் பேனாவில் மைக்குத் தனிக் குழாய் கிடையாது. நிரப்பியால் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் பேனாவின் உடலே மைக்கூடு. மை பாதிக்குமேல் தீர்ந்ததும் மிச்ச இடத்தைக் காற்று நிரப்பிக்கொள்கிறது. கையின் சூட்டில் அந்தக் காற்று விரிந்து, கீழே நிற்கும் மையைத் தள்ளிவிட, நிப்பிலிருந்து ஒரு பெரிய சொட்டு காகிதத்தில் விழும். முத்திரைத்தாளில் அப்படி ஒரு சொட்டு விழுந்தால் தாத்தாவுக்கு அன்றைய வரும்படி போயிற்று. ஆகவே நிப்பை மேலே வைத்துக் கையாலேயே சூடாக்கி, விரியும் காற்றை முதலில் வெளியேற்றிவிட்டுத்தான் எழுதத் தொடங்குவாராம். குலதெய்வத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

இத்தனைக்கும் பிறகு வாங்கிய பேனா எப்படி இருக்கிறது என்று கேட்டால், எழுதுவதற்கு மிக நன்றாக இருக்கிறது. வைத்துக்கொள்வதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். தடிமனான உருவத்தைப் பார்த்து எடையை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. வெறும் பேனா சமையலறைத் தராசில் 24 கிராம் காட்டியது. இரண்டு மணி நேரம் எழுதினாலும் விரல் வலிப்பதில்லை, வியர்வையில் வழுக்குவதும் இல்லை. ஊசிமுனையில்லாத மருந்துக்குழலால் அளந்து ஊற்றினேன், 3 மில்லிக்குச் சற்று மேல் பிடித்தது. நாளுக்கு மூன்று நான்கு பக்கம் எழுதும் எனக்கு இரண்டு வாரத்துக்குக் குறையாமல் வருகிறது. நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் கட்டையும் எபோனைட்தான், அதில் மை நன்றாக ஒட்டி ஓடுவதால் வேகமாக எழுதினாலும் கோடு வறண்டுபோவதில்லை.

நிப்பு விஷயத்தில்தான் எனக்கு மனக்குறை. பேனாவோடு வந்த உள்நாட்டு நிப்பு முதல் வாரத்தில் காகிதத்தைக் கீறியது. ழகரத்தின் கீழ்ச்சுழியில் ஒவ்வொரு முறையும் இழுத்தது. பட்டறையில் சொன்னவுடன் நிப்பைத் தீட்டித் தருவதாக முன்வந்தார்கள், ஆனால் அனுப்பி வாங்க எனக்குப் பொறுமையில்லாததால் 900 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஜெர்மனியிலிருந்து வரும் ஜோவோ நிப்பை மாட்டிக்கொண்டேன். புதிதாக வாங்குபவர்கள் முதலிலேயே அதைச் சொல்லிவிடுவது நல்லது. சட்டைப்பை கிளிப்பும் சற்று இறுக்கம். மெல்லிய துணியைக் கசக்கிவிடுகிறது.

சொட்டு விழும் தொல்லையைக் குறை என்று சொல்ல மாட்டேன், அது இந்த வகைப் பேனாவின் குணம். ஆனாலும் தெரியாமல் வாங்குபவர் நிச்சயம் ஏமாந்துபோவார். மரையில் சிலிக்கோன் கிரீஸ் தடவிக்கொண்டால் கழுத்துவழியாகக் கசிவது நின்றுவிடும், நிப்புவழியாகச் சொட்டுவது நிற்காது. மை பாதிக்குக் கீழே இறங்கியதும் மறுபடி நிரப்பிவிடுவதே சரியான வழி. நான் ஒருமுறை சோம்பேறித்தனமாக விட்டு, வங்கிப் படிவம் ஒன்றின் கையொப்பக் கட்டத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சொட்டு விட்டேன். புதுப் படிவம் வாங்கி வந்து, நிப்பை மேலே வைத்து, உள்ளங்கைக்குள் பேனாவைப் பிடித்தபடி அரை நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கையெழுத்திட்டேன். எதிரில் இருந்த ஊழியர் எதையும் கேட்காமல் காத்திருந்தார். அவரும் ஏதாவது குலதெய்வம் என்று நினைத்திருக்கக்கூடும்.

கழுவுவதற்குப் பச்சைத்தண்ணீர் மட்டும் போதும். வெந்நீரில் போட்டால் ஒரே நாளில் நிறம் போய்விடும் என்று சிங்கப்பூர் அம்மையார் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வெயிலில் வைத்துச் சீக்கிரம் பழுக்க வைக்கலாமா என்று நான் ஆசைப்பட்டுக் கேட்டதற்கும் திட்டு வாங்கினேன். அப்படிச் செய்தால் மேற்பரப்பு திட்டுத்திட்டாக வெளுத்து, கைக்குச் சொரசொரப்பாகிவிடுமாம்.

போன வாரம் மை நிரப்பும்போது கவனித்தேன். மேசையில் சன்னலைப் பார்த்தபடி கிடக்கும் பக்கத்தில், மூடியின் மேல்புறம் மட்டும், கறுப்பு லேசாகப் பாசிநிறத்துக்குத் திரும்பியிருக்கிறது. மூடியைக் கழற்றிக் கழுத்தோடு ஒட்டிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரிகிறது. படம் எடுத்துப் பட்டறைக்கு அனுப்பினேன். தபால் செலவு மட்டும் கொடுத்தால் மெருகேற்றிப் பழைய கறுப்புக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.